பின் இருக்கைக்கு ஓர் ஆள்

காரில் நல்ல சவுண்ட் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் முதலில் ஸ்பீக்கரைத்தான் மாற்றுகிறார்கள், சார். அது தப்பு. முதலில் கவனிக்க வேண்டியது கதவை. கார்க் கதவு என்பது வெறும் தகர டப்பா. அதற்குள் எவ்வளவு உசத்தியான ஸ்பீக்கரை வைத்தாலும் பாட்டோடு சேர்ந்து தகரமும் பாடும். உட்பக்கத்து அட்டையைக் கழற்றி, தகரத்தின் மேல் கனமான ரப்பர் ஷீட்டை ஒட்டி, உருளையால் அழுத்தி அழுத்தித் தேய்க்க வேண்டும். தோள்பட்டை கழன்றுபோகும். ஆனால் அதைச் செய்துவிட்டால் வெளியில் இருக்கிற சத்தம் வெளியிலேயே நின்றுவிடும். அந்த நிம்மதிக்காகவே செய்யலாம்.

நீங்கள் கேட்டது இதை அல்ல என்று தெரியும். என் மாமனார் என் காரின் பின் இருக்கையில் மூச்சுத் திணறி இறந்துபோனார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். கதவை ஏன் திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் அதில் இருக்கிற நியாயம் உங்களுக்குப் புரியும்.

எனக்குத் தொழில் பல் கட்டுவது. டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள், நான் லேபில் உட்கார்ந்து பல்செட் செய்து கொடுப்பேன். வருகிற அச்சில் எச்சில் காய்ந்து ஒட்டியிருக்கும், சிலதில் ரத்தம் இருக்கும், கடைசியாகத் தின்றதன் துணுக்குகூட இருக்கும். பழைய செட்டுகள் ரிப்பேருக்கு வரும். பொட்டலத்தைப் பிரித்தவுடன் ஒரு வாடை வரும் பாருங்கள். வேண்டாம், நீங்கள் டீ குடித்துக்கொண்டிருக்கிறீர்கள். பகல் முழுக்க ஊரார் வாயோடு மாரடித்துவிட்டு வருகிறவனுக்குச் சுத்தமாக ஓரிடம் வேண்டுமா, வேண்டாமா? எனக்கு அது என் கார்.

கதவு முடிந்ததும் ஸ்பீக்கர் மாற்றினேன். டிக்கியில் ஆம்ப்ளிஃபயர் வைத்தேன். பின் இருக்கைக்குப் பின்னால் அடிச்சத்தத்துக்கென்று தனியாக ஒரு பெட்டி, நானே மரம் அறுத்துச் செய்தது. சத்தத்தைக் கூட்டுவதுதான் டியூனிங் என்று நினைக்கிறார்கள். அது கல்யாண வேனுக்குச் செய்கிற வேலை. ஒரு ஸ்பீக்கர் உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, இன்னொன்று அந்தக் கோடியில். பக்கத்தில் இருப்பதை ஒரு கண்ணிமைப்புக்கும் குறைவாகத் தாமதப்படுத்த வேண்டும். அப்போது இரண்டும் ஒன்றாகக் காதுக்கு வரும். அது சரியாக அமைந்துவிட்டால், கண்ணை மூடினதும் பாடுகிறவள் டாஷ்போர்டின் நடுவில் வந்து நிற்பாள். வாயே இல்லாத குரல், சார். எச்சில் இல்லை, பல் இல்லை. எனக்கு அழுகையே வந்திருக்கிறது.

மாமியார் போன பிறகு மாமனார் எங்களோடு வந்து சேர்ந்தார். நல்ல மனுஷர். இதை யார் கேட்டாலும் சொல்வேன். ஒரு வம்புதும்புக்கும் போகமாட்டார், என்னிடம் வாங்க போங்க என்றுதான் பேசுவார். ஆனால் அவர் உடம்பு சும்மா இருக்காது. காலையில் வாஷ்பேசினில் காறுவார், அடிவயிற்றிலிருந்து வரும். காறித் துப்பிவிட்டு, வந்துவிட்டதா என்று குனிந்து வேறு பார்ப்பார். டீயை உறிஞ்சினால் அடுத்த அறைக்குக் கேட்கும். சாப்பிட்டு முடித்ததும் பல்செட்டைக் கழற்றி, நாக்கால் ஒரு சுற்று நக்கிவிட்டு, மேசைமேல் வைப்பார், என் தட்டுக்கு நேர் எதிரே. இதற்கெல்லாம் மேல் ஆஸ்துமா. ஒவ்வொரு மூச்சும் கீச்சென்று உள்ளே போகும், களகளவென்று சளியை உருட்டிக்கொண்டு வெளியே வரும். எனக்கு அவரைப் பார்த்தாலே குமட்டும். மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

"நீங்க கட்டிக் குடுத்த பல்லுதானே, கடக்கு கடக்குனு சத்தம் போடுது?" என்று என் மனைவி ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"பல்லு சரியாத்தான் இருக்கு. வாய்தான் சரியில்ல."

அவள் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போய்ச் சொன்னாள். அவரும் ஈறு தெரியச் சிரித்தார். நான் ஒருநாளும் அவரைக் கடிந்து பேசியதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்க் காரில் உட்கார்ந்து சாப்பிடுவேன். அவ்வளவுதான் நான் காட்டிய எதிர்ப்பு.

அப்போதுதான் கார் சவுண்டுக்கென்று ஒரு போட்டி வந்தது. சத்தத்துக்கு இல்லை, தரத்துக்கு. நடுவர்கள் காருக்குள் ஏறி, முன்னால் இரண்டு பேரும் பின்னால் ஒருவருமாக உட்கார்ந்து கேட்பார்கள். இங்கேதான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். ஆள் இல்லாத காரில் டியூன் செய்துவிட்டுப் போகிறார்கள். மனித உடம்பு சத்தத்தைக் குடிக்கும், சார். ஆள் ஏறினதும் எல்லாம் குட்டிச்சுவர். முன்னால் தலையணைகளை அடுக்கிச் சமாளித்துவிட்டேன். பின்னால்தான் அடிச்சத்தப் பெட்டி இருக்கிறது, அங்கே எதை வைத்தும் சரிப்படவில்லை. பழைய மெத்தையைச் சுருட்டி வைத்தேன், மணல் மூட்டை வைத்தேன். நிஜமான ஓர் ஆள் வேண்டும், அதுவும் அசையாமல் உட்காருகிற ஆள். என் மனைவி பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. மாமனார் நல்ல கனமான உடம்பு, வேலையும் இல்லை.

"மாமா, நாளைக்கு மத்தியானம் கார்ல கொஞ்ச நேரம் உக்கார முடியுமா? டியூனிங் பண்ணணும்."

"நானா மாப்ள? எனக்கு அதப் பத்தி ஒண்ணும் தெரியாதே."

"தெரிய வேண்டாம். சும்மா உக்காந்தா போதும்."

மறுநாள் அவர் முகத்தை மழமழவென்று மழித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரி, ஏதோ பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி தயாராக நின்றார். என் மனைவி வேலைக்குக் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். கண் கலங்கியிருந்தது.

"நீங்களா கூப்பிட்டீங்க? அப்பாவுக்குக் காலையிலேருந்து கால் தரையில பாவல. ஏசி மட்டும் போட்டு வைங்க, என்ன? புழுக்கத்துல அவருக்கு இழுத்துக்கும்."

சரி என்றேன். ஏசி போட்டால் அந்த இரைச்சலை அளவெடுக்கிற மைக் வாங்கிக்கொள்ளும் என்று வாசலில் நின்று அவளுக்குப் பாடம் எடுக்கவா முடியும்?

அளவெடுப்பது இப்படித்தான். பின் இருக்கையில் ஆள் உட்கார்ந்திருக்க, அவர் காதுக்குப் பக்கத்தில் ஒரு மைக். ஸ்பீக்கரிலிருந்து பாட்டு வராது, மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சல் வரும். அது காருக்குள் எப்படிக் கேட்கிறது என்று வெளியே லேப்டாப்பில் கோடு வரையும். எஞ்சின் ஓடக் கூடாது, கண்ணாடி எல்லாம் ஏற்றியிருக்க வேண்டும். காருக்குள் தளர்வாக எது இருந்தாலும் அதிரும். அதனால் அவர் ஏறும்போது கையை நீட்டினேன்.

"பையில இருக்கறதெல்லாம் குடுத்துருங்க மாமா. அதிரும்."

சாவி, கண்ணாடிக் கூடு, சில்லறை எல்லாம் வந்தது. மூச்சிழுப்புக்கு வாயில் வைத்து அழுத்துகிற அந்த நீல மருந்தை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு தயங்கினார்.

"இது இருக்கட்டுமே, மாப்ள."

"நான் வெளியதானே இருக்கேன். கேட்டா குடுத்துடப் போறேன்."

"அதுவும் சரிதான்" என்று கொடுத்துவிட்டார். அதை என் டூல்பாக்ஸ் மேல் வைத்தேன். நல்ல பத்திரமான இடம்.

முதல் தடவை அளவு பாதி வந்திருக்கும்போது மனுஷர் கதவைத் திறந்து ஷெட் தரையில் துப்பினார். பச்சையாக, கெட்டியாக. மண்ணள்ளிப் போட்டு மூடினேன். பின் கதவின் ஓரத்தில் குழந்தைகளுக்காக ஒரு பூட்டு இருக்கும் இல்லையா, அதைத் தள்ளிவிட்டால் உள்ளேயிருந்து திறக்காது. இரண்டு பக்கமும் அதைத் தள்ளினேன். வேலையில் ஓர் ஒழுங்கு வேண்டும்.

"பாட்டு எதுவும் வராதா மாப்ள? இந்த இரைச்சல் மட்டும்தானா?"

"இது முடியட்டும், அப்புறம் போடறேன். பேசாதீங்க மாமா, மைக் வாங்கிக்கும்."

அவர் விரலை உதட்டின்மேல் வைத்துக்கொண்டு தலையாட்டினார். நான் கதவைச் சாத்திவிட்டு, ஆள் இருக்கும்போது உள்ளே எவ்வளவு அமைதி என்று முதலில் பார்ப்பதற்காக இரைச்சலை நிறுத்தி, ஹெட்போனை மாட்டினேன்.

சார், அந்த மைக் ஊசி விழுந்தாலும் எடுக்கும். அதில் நான் என்ன கேட்டேன் தெரியுமா? அவர் எச்சில் விழுங்குவதைக் கேட்டேன். நாக்கு மேலண்ணத்திலிருந்து பிய்ந்து வருகிற சத்தம். பல்செட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் எச்சில் நுரைக்கிற சத்தம். வயிற்றுக்குள் எதுவோ உருண்டு, ஏப்பமாக மேலே வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் அந்த மூச்சு, கீச்சும் களகளப்புமாக. திரையில் நேராக இருக்க வேண்டிய அடிக்கோடு புழு மாதிரி நெளிந்தது. எத்தனை வருஷமாக நான் பாடுபட்டுச் சுத்தமாக்கிய இடம் அது. அவர் அதற்குள் உட்கார்ந்து என் காதுக்குள்ளேயே வாயைத் திறந்து வைத்திருந்தார்.

போகப் போக இழுப்பு அதிகமானது. உள்ளே புழுக்கம், ஒத்துக்கொள்கிறேன். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. கையைக் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டினார். என்ன கேட்கிறார் என்று புரிந்தது. பொறுங்கள் என்று நானும் கையைக் காட்டினேன். அவர் தலையாட்டினார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்த ஒரே குணம், சொன்னால் கேட்டுக்கொள்வார்.

பிறகு கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். "மாப்ள, கதவு" என்றார், அதுவும் ஹெட்போனில் தெளிவாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடியைத் தட்ட ஆரம்பித்தார். விரல் முட்டியில் வீக்கம் இருந்தது என்று போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டர் எழுதியிருக்கிறாராமே, அது அப்போது வந்ததாக இருக்கும். கேட்டதா என்றால், கேட்டது. பின் கண்ணாடி சட்டத்தில் லேசாக ஆடுகிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்கு ரப்பர் வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் நான் கதவைத் திறந்தபோது பல்செட் பாதி வெளியே வந்து, எச்சில் வாயோரம் வழிந்து, சீட் துணியில் இறங்கியிருந்தது. முதலில் மைக்கைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். அப்புறம் ஒரு துணியை நனைத்து சீட்டைத் துடைத்தேன். கறை பிடித்தால் போகாது. அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அதில் தப்பிருந்தால் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் என் மனைவி என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள்.

"அப்பா கஷ்டப்பட்டாராங்க?"

"இல்ல. பாட்டு கேட்டுக்கிட்டே தூங்கிட்டாரு."

"கடைசி நேரத்துல நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களே. யாரோ எவரோ மாதிரி போகாம." மூக்கை என் சட்டைக் கையில் தேய்த்தாள். அந்தச் சட்டையை வீட்டுக்கு வந்ததும் குப்பையில் போட்டுவிட்டேன்.

தூங்கிவிட்டார் என்று நினைத்தேன் என்றுதான் உங்களிடமும் முதலில் சொன்னேன். அது அவ்வளவு சரியில்லை. அவர் தூங்கினால் குறட்டை வீட்டையே தூக்கும். தட்டுவது நின்ற பிறகு ஹெட்போனில் மெல்லிசாக ஓர் இழை மாதிரி மூச்சு வந்துகொண்டிருந்தது. எழுந்து நின்றேன், கதவுப் பிடியில் கையும் வைத்தேன். சத்தியமாக வைத்தேன். அப்போது திரையைப் பார்த்தேன். அந்தக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, நெளிவதை நிறுத்தி, நேராகப் படுத்துக்கொண்டிருந்தது. அவ்வளவு சுத்தமான அமைதியை அந்தக் காரில் நான் அதுவரை கேட்டதில்லை. உட்கார்ந்துவிட்டேன். இடது பக்கம் எடுத்தேன், வலது பக்கம் எடுத்தேன், அடிச்சத்தத்தையும் எடுத்தேன். எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வந்தது.

நான் அவர்மேல் ஒரு விரல்கூட வைக்கவில்லை. அதை நீங்கள் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். அப்போதே திறந்து மருந்தைக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்கிறீர்கள். எனக்கு அது தெரியாமல் இல்லை, சார். பிழைத்திருந்தால் மறுபடி இருமியிருப்பார்.