குதிரைக்கான ஊசி

குதிரை ரத்தத்தை மெஷினில் போட்டுச் சுற்ற வேண்டியதே இல்லை, மேடம். குழாயை நிமிர்த்தி வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால், சிவப்பு கீழேயும் தெளிந்த நீர் மேலேயுமாகத் தானே பிரிந்து நிற்கும். மாட்டு ரத்தம் அப்படியில்லை, பிடிவாதம் பிடிக்கும். கால்நடை ஆய்வகத்தில் என் வேலையே இதுதான். ரத்தத்தில் ஹார்மோனை அளந்து எந்த விலங்கு சினை, எது இல்லை என்று சொல்வது.

ரத்தம் உண்மை பேசும் என்று நினைப்பீர்கள். பெட்டை நாய்க்குக் குட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அளவு ஒரே மாதிரிதான் ஏறும். பாவம், வெறும் வயிற்றோடு பழந்துணியை இழுத்துப் போட்டு மெத்தை கட்டிக்கொண்டு காத்திருக்கும். குதிரை அதைவிட மோசம். உள்ளே கரு செத்த பிறகும் ஹார்மோன் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதை நம்பி ஒருமுறை சினை என்று சொல்லிவிட்டு லாயக்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதிலிருந்து அளவு உயர்ந்திருந்தால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

வீட்டில் நானும் மருமகளும் மட்டும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் விடுப்பில் வந்து போன கையோடு போன் செய்தான். "வீடு பாத்துட்டேன்மா. அவளையும் இங்க கூட்டிக்கிறேன்." சரி என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? வீட்டுக்காரர் போன பிறகு ஃப்ரிட்ஜ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நாளை ஓட்டியவள் நான். அவள் வந்து, அத்தை அத்தை என்று காலைச் சுற்றிய பிறகுதான் வாய்க்கு ருசி தெரிந்தது.

"தலை சுத்துது அத்தை, எழுந்திருக்கவே முடியல," என்றாள் ஒரு நாள். சத்து ஊசி என்று சொல்லிப் போட்டேன். அது குதிரைக்குப் போடுவது. கர்ப்பிணிப் பெண்களின் சிறுநீரிலிருந்து எடுத்த மருந்து. பிறகு கர்ப்பம் பார்க்கும் கார்டை வாங்கிக் கொடுத்தேன்; அது தேடுவதும் அந்த மருந்தில் இருக்கும் ஹார்மோனைத்தான். இரண்டு கோடு. அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அது பொய் அழுகை இல்லை. மகன், "பிரசவம் முடியட்டும்மா. உன் கையில இருந்தா எனக்கு நிம்மதி," என்றான்.

அதன்பின் ஊசியை நிறுத்த முடியவில்லை. வேலைக்குப் போகும்போது வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு போனேன். படியில் தவறி விழுந்தால் என்ன செய்வது? திரும்பி வரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"ஸ்கேன் எப்ப அத்தை?"

"சும்மா சும்மா ஸ்கேன் எடுத்தா பிள்ளைக்கு ஆகாதும்மா."

ரத்தம் பார்க்கிற மாமியார் சொன்னால் யார் மறுப்பார்கள்? ஆனால் அடைபட்டுக் கிடந்தது அவள் மட்டும் இல்லை, மேடம். பொய்க்கு வயிறு வளராது. நாலாம் மாதம் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போயிற்று.

கலைந்துவிட்டது என்று முடித்துவிடலாம் என ஊசியை நிறுத்தினேன். துக்கத்தில் கிடப்பவளை யாரும் ஊர் விட்டு ஊர் அனுப்ப மாட்டார்கள். ஆனால் உதிரம் வரவில்லை. அவள் ரத்தத்தை எடுத்துப் போய் மாட்டுச் சாம்பிள்களோடு வைத்து அளந்தேன். அளவு இறங்கவே இல்லை. அடிவயிறுகூட லேசாக மேடிட்டிருந்தது. நாய்க்கும்தான் மேடிடும், பால்கூடச் சுரக்கும். குதிரைக்கு நிற்பதுபோல ஹார்மோன் உள்ளே ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று முடிவு கட்டினேன். மாட்டுக்கு அதை இறக்க ஓர் ஊசி உண்டு.

"அத்தை, உள்ள ஏதோ அசையுற மாதிரி இருக்கு," என்று அன்று காலை சொன்னாள். வாயுவாக இருக்கும் என்றேன். கையை நீட்டச் சொல்லி அந்த ஊசியைப் போட்டேன்.

மருத்துவமனையில் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, கலைந்து விழுந்தது ஆண் குழந்தை என்றார். என் முதல் ஊசிக்கு முன்பே தங்கியிருக்கிறது. நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தாலே அவள் என்னோடு இருந்திருப்பாள். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மகன் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். போகும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஊசிகள் எல்லாம் நான் போட்டவைதான், எழுதிக்கொள்ளுங்கள். கொலை என்று மட்டும் எழுதாதீர்கள், மேடம். அந்தப் பிள்ளையை இட்டுக்கட்டியதே நான்தான். இல்லாத பிள்ளையை நான் எப்படிக் கொல்ல முடியும்?