களப்புக்குப் போகும் பேருந்தில் சீதாதேவியின் இருக்கை

இரு தரப்பையும் ஒரே முகத்தோடு பார்த்துக்கொண்டு அவையை நடத்தும் தலைவர் தங்கையா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, விடியுமுன் எழுந்து சோறு கட்டி எடுத்துவந்தும், பேருந்தில் ஏறலாமா கூடாதா என்று தெரியாமல் இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே, வெளியே வண்டியோடு காத்திருக்கும் மாவனல்லைத் தம்பி அக்ரம் அவர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

என் பெயர் ஸ்ரீதரன். தெரணியகலைக்கு மேலே உள்ள இந்தத் தேயிலைத் தோட்டத்துப் பறவை நோக்குநர் சங்கத்தின் செயலாளர். "இனிமேல் களப்புப் பயணத்துக்குப் பெண்களை அழைத்துச் செல்வதில்லை" என்று இங்கே ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. அதை எதிர்க்கவே எழுந்து நிற்கிறேன்.

வடக்கே வாடை வீசும்போது, கடல் கடந்து, காடு கடந்து, நம் தெற்குக் கரையின் உப்புநீர்க் களப்புகளில் வந்து இறங்குகின்றனவே உள்ளான்களும் பூநாரைகளும், அவற்றில் பெண் பறவை கூட்டிலேயே இருக்கட்டும் என்று எந்த ஆண் பறவையாவது சொன்னதுண்டா?

"பறவைக்குச் சேறு பழக்கங்க. நம்ம பொம்பளைங்களுக்குப் பழக்கமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நல்லது ஐயா. அந்தச் சேற்றுக்கே வருகிறேன்.

போன வருடம் தை மாதம். எம்பிலிப்பிட்டியவைத் தாண்டி, உப்புக்காற்று முகத்தில் அறைய, களப்புக் கரையில் இறங்கினோம். நீர் தெரியவில்லை, பூநாரைகள்தான் தெரிந்தன. வழிகாட்ட வந்த சிங்களப் பெரியவர், ஒற்றை வரிசையாகத் தம் காலடியிலேயே கால் வைத்து வரச் சொன்னார். நாம் என்ன செய்தோம்? மலையில் கொழுந்தெடுக்க இறங்குவதுபோல, ஆளுக்கொரு நிரை பிடித்து, அடுத்தவர் நிரையில் கால் வைக்காமல், பக்கம் பக்கமாகப் பரந்து நடந்தோம். யாரும் ஏவவில்லை, கால்களே அப்படிப் பிரிந்தன. ஆண்களும் அப்படித்தான் நடந்தோம். "எஹெம எப்பா, நோனா, எஹெம எப்பா," அப்படி வேண்டாம் அம்மா, வேண்டாம் என்று அவர் கெஞ்சினார்.

ஒரு மதிலே நகர்ந்து வருவதாக எண்ணிப் பூநாரைகள் அத்தனையும் எழும்பின. வானம் சிவந்தது. நாம் வாய் பிளந்து மேலே பார்த்தோம். கீழே, நீரை ஒட்டிய நிரையில், சீதாதேவி முழங்கால்வரை சேற்றில் நின்றார். திரும்பிப் பார்ப்பதற்குள் இடுப்புவரை போய்விட்டார். ஏனம்மா பக்கத்தில் விலகவில்லை என்று பிறகு கேட்டேன். "பக்கத்து நிரை மருதாயி அக்காவோடதுங்க. அதுல நான் எப்புடிங்க போறது?" என்றார்.

சிரிக்கிறீர்கள். அன்று எவரும் சிரிக்கவில்லை.

"எம் பொஞ்சாதி சேத்துல போனப்ப நீங்க கையப் புடிச்சீங்களா, பைனாகுலரப் புடிச்சீங்களா?"

கேட்பவர் ஐயாவு அண்ணன். சீதாதேவியின் கணவர். இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர். அண்ணே, நீங்கள் அன்று வரவில்லை. கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நான் படங்கின் நுனியைப் பிடித்தேன்.

கொழுந்தெடுக்கையில் இடுப்பில் கட்டும் கனத்த துணியான படங்கை, மணலில் விரித்து உட்கார நம் பெண்கள் கொண்டுவந்திருந்தார்கள். ஆண்கள் கொண்டுவந்தவை கமராவும் தொப்பியும் கருத்தும். "யாரும் ஓடாதீங்க, படங்க விரிங்க" என்றார் மருதாயி. சேற்றின்மேல் படங்கு விரிந்தது, அதன்மேல் மருதாயி குப்புறப் படுத்தார், அவர் காலை ஒருவர் பிடித்தார், அவரை இன்னொருவர் பிடித்தார். எந்த நிரை சீதாதேவியைச் சேற்றுக்குள் கொண்டுபோனதோ, அந்த நிரையே அவரை வெளியே இழுத்துப் போட்டது.

வெளியே வந்தவர் அழுதாரா? ஊருக்குப் போவோம் என்றாரா? சேறு வழிய அப்படியே படுத்துக்கிடந்து, "எறங்கிருச்சுங்க. நம்மளத்தான் பாக்குது. யாரும் அசையாதீங்க" என்றார். எழும்பிய பூநாரைகள் திரும்பி வந்து, நம் மூச்சுச் சத்தம் கேட்கும் தூரத்தில் மேய்ந்தன. அன்றிலிருந்து இன்றுவரை அவர் கேட்பது ஒன்றே ஒன்று: மறுபடி எப்போது போகிறோம்?

அவையோரே, பிழை நடையில் இருந்தது, நடந்தவரில் இல்லை. நடையைத் திருத்துவதா, நடந்தவரைத் தடுப்பதா? மலையில் இறங்கலாம், மழையில் நனையலாம், அட்டைக்கடியோடு கொழுந்து சுமக்கலாம், மகிழ்ச்சிக்காக மட்டும் ஒரு கரைக்குப் போகக்கூடாதா? சங்க விதி என்ன சொல்கிறது? உறுப்பினர் எவரும் போகலாம் என்கிறது. இன்னொரு விதியை நானே முன்மொழிகிறேன்: களப்பில் நிரை கிடையாது, வழிகாட்டியின் பின்னே ஒற்றை வரிசை, ஆண் பெண் அனைவர் இடுப்பிலும் படங்கு. மீறுபவர் பேருந்திலேயே இருக்க வேண்டும், செயலாளர் உட்பட.

ஐயாவு அண்ணே, சேற்றுச் சேலையோடு அவர் லயத்து வீட்டுக்குத் திரும்பிய அன்று நீங்கள் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். உங்கள் அச்சத்தைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அச்சம் உங்களுடையது, பயணம் அவருடையது.

பொறுமையோடு கேட்டவர்களுக்கும் இடையிடையே குரல் கொடுத்தவர்களுக்கும் என் நன்றி, என் வணக்கம்.

சீதாதேவியின் பை, மேலே மடித்த படங்கோடு, உங்கள் மடியில் இருக்கிறது அண்ணே. காலையிலிருந்து அதை நீங்கள் விடவில்லை. நான் இப்போது இந்த மேடையிலிருந்து இறங்கி, உங்கள் முன்னால் வந்து, இரண்டு கையையும் நீட்டுவேன். கொடுத்தால், அந்தப் பையை நானே சுமந்துபோய் அவர் இருக்கையில் வைப்பேன். கொடுக்காவிட்டால், நீட்டிய கையோடு அங்கேயே நிற்பேன். அதுவரை வண்டியும் நிற்கும்.