எல்லாரும்னு ஒரு பட்டன்

இல்லண்ணே, அதையெல்லாம் பாத்தாச்சு. ஒயரைப் புடுங்கி மாட்டியாச்சு, நெட்டு டப்பாவை அணைச்சுப் போட்டாச்சு, அதுக்குப் பின்னாடி இருந்த தூசியைக்கூட பழைய பிரஷ்ஷால தட்டியாச்சு. சிரிக்காதீங்க. எனக்குத் தெரிஞ்ச வைத்தியத்தை எல்லாம் பாத்துட்டுத்தான், பாட்டு வரலைன்னு ரிப்பேருக்கு உங்களுக்கு போன் போட்டேன். உக்காருங்க. அந்த நாற்காலி ஒரு பக்கமா ஆடும், செவுத்தோரமா சாஞ்சுக்கங்க.

பாட்டெல்லாம் இந்தக் கம்ப்யூட்டர்லதான் இருக்கு. இதுலேருந்து ஒயரே இல்லாம வீட்ல இருக்கிற ஸ்பீக்கருக்கெல்லாம் போகும். எல்லாம் எங்க வீட்டுக்காரர் ஏற்பாடு. என்னைக் கேட்டா ஒரு ரேடியோ போதும்பேன். நான் படிச்ச ஸ்கூல்ல கம்ப்யூட்டர் ஒண்ணே ஒண்ணு. அதையும் போர்வை போட்டு மூடி வச்சிருப்பாங்க. செருப்பைக் கழட்டிட்டு, வரிசையாப் போய் எட்டிப் பாத்துட்டு வரணும். பாவம், காய்ச்சல்ல படுத்திருக்கு போலன்னு ரொம்ப நாள் நெனச்சிருக்கேன்.

ஆமா, அவரும் இந்த வேலைதான். கேப்பீங்கன்னு தெரியும். பெரிய ஆபீஸ்ல எல்லா மாடிக்கும் நெட்டு ஒயர் இழுத்துவிட்டுப் பாத்துக்கிறாரு. ஊர்ல இருக்கிற கம்ப்யூட்டரெல்லாம் அவரு தொட்டா ஓடுது, சொந்த வீட்டுது பாடல. சாயங்காலம் வருவாரு. நீங்க உக்காந்திருக்கிற அதே நாற்காலியில உக்காருவாரு. ஸ்பீக்கர் பேரெல்லாம் இருக்கிற இந்த லிஸ்ட்டைத் தொறப்பாரு. பாத்துக்கிட்டே இருப்பாரு. அப்புறம் மூடிட்டு, எந்திரிச்சு முகம் கழுவப் போயிடுவாரு. நான் துண்டை எடுத்து வைப்பேன்.

டீயைக் குடிங்கண்ணே, ஆறுது பாருங்க.

ஆங், கேக்குது கேக்குது. அடுப்படியில பாடுது. இல்லண்ணே, இது எனக்கே வரும். ஒண்ணை மட்டும் தனியாத் தொட்டா அது பாடும். ஹாலைத் தொட்டா ஹால் பாடும். இங்க பெருசா ஒரு பட்டன் இருக்கு பாருங்க, எல்லாரும்னு போட்டு, அதை அழுத்தினாத்தான் வராது. வட்டம் சுத்தும், சுத்தும், சுத்திக்கிட்டே கெடக்கும்.

தனித்தனியாவே கேட்டுக்கலாம்தான். நேத்து நானும் போட்டுப் பாத்தேன், வெங்காயம் அரிஞ்சுக்கிட்டே. அடுப்படி மட்டும் பாடுது, மத்த ரூமெல்லாம் கம்முனு இருக்கு. என்னமோ யார் வீட்லயோ பூந்து பாட்டுக் கேக்குற மாதிரி இருந்துச்சு. பாதியில நிறுத்திட்டேன்.

அதோட, எங்க பெரியவளுக்கு அந்த ஒரு பட்டன்தான் தெரியும். ஆறு வயசு, ஆனா வாய் அறுபதுக்குப் பேசும். ஸ்கூல்லேருந்து வந்ததும் பையை ஒரு மூலையில வீசிட்டு, ஷூவோட ஓடிவந்து அழுத்துவா. வீடு மொத்தமும் பாடும். அவ ரூம் ரூமா ஆடிக்கிட்டே போவா, நான் பின்னாடியே அந்த ஷூ மண்ணைத் தொடச்சுக்கிட்டே போவேன். இப்பவும் தெனம் வந்து அழுத்துறா. வட்டம் சுத்துறதைப் பாத்துக்கிட்டு நிக்கிறா. நேத்து என்கிட்ட என்ன கேட்டா தெரியுமா... சரி, விடுங்க. அவ வர்றதுக்குள்ள இது பாடணும். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டது.

அந்தப் பேரெல்லாமா? அவரு வச்சதுதான். மகாராணின்னு இருக்கே, அது அடுப்படி. நான்தான் மகாராணி, கையைப் பாருங்க, மஞ்சக்கறையோட. வாலுன்னா பெரியவ, அது ஹால்ல. தொரைன்னா எங்க ரூம். தன்னைத்தானே தொரைன்னு எழுதிக்கிட்டாரு, யாரு கேக்குறது.

நாலாவதா?

ம். இருக்கு.

யாரு காத்திருக்கிறது, கம்ப்யூட்டரா? ஓ. நாலும் வந்துட்டேன்னு பதில் சொன்னாத்தான் பாட்டை எடுக்குமா. அதான் அப்பவே சொன்னாரு. ஒரு ரூம்ல முந்தி, ஒரு ரூம்ல பிந்திப் பாடினா வீடு ரெண்டா கத்தும், அதனால எல்லாரும் வந்து சேந்தப்புறம்தான் ஆரம்பிக்கிற மாதிரி வச்சிருக்கேன்னு. பெருமை தாங்கல அவருக்கு. நான் மடியில போட்டுப் பால் குடுத்துக்கிட்டு இருந்தேன், சரியாக் காதுல வாங்கல.

அந்த நாலாவது பேரு, குட்டிங்கிறது, அந்தச் சின்ன ரூம்ல இருந்துச்சுண்ணே. தொட்டில் பக்கத்துல. உள்ளங்கை அளவுதான். மத்ததுல எவ்வளவு சத்தமாப் பாடினாலும் அதுல கம்மியாத்தான் வச்சிருப்போம். ஆனா பாடணும். பாடலைன்னா தொரைக்குப் புள்ள சின்னத் தொரை கண்ணை மூட மாட்டாரு.

கெட்டெல்லாம் போகல. நான்தான் புடுங்கி வச்சேன். ஆஸ்பத்திரிக்குக் கெளம்புறப்ப, வெறும் ரூம்ல எதுக்கு ஓடுதுன்னு ஒயரைப் புடுங்கினேன். வந்து மாட்டிக்கலாம்னு. போகும்போது நாலு பேரு. வரும்போது மூணு பேரா வந்தோம்.

அட, நீங்க எதுக்கு எந்திரிக்கிறீங்க. உக்காருங்கண்ணே. உங்களுக்கு எப்படித் தெரியும்.

லிஸ்ட்டுலேருந்து குட்டி பேரை எடுத்துட்டா மத்த மூணும் பாடும், அதானே சொல்றீங்க. புரியுது. அவருக்கும் தெரியும். அதைத்தான் தெனமும் உக்காந்து பாத்துட்டு மூடுறாரு, எடுக்கக் கை வர மாட்டேங்குது. எனக்கும் உள்ளுக்குள்ள தோணத்தான் செஞ்சுது, இதாத்தான் இருக்கும்னு. வெளியாள் ஒருத்தரு வந்து எடுத்துட்டா, நாங்க ரெண்டு பேருமே எடுக்கலைன்னு ஆகிடும்ல. அப்படி ஒரு நெனப்புல உங்களைக் கூப்பிட்டுட்டேன்.

நேத்து பெரியவ கேக்குறா, தம்பி கூடவே பாட்டும் போயிடுச்சாம்மான்னு. நான் என்ன சொல்றது சொல்லுங்க. ஒயர் கோளாறுடின்னேன்.

இருங்க, இருங்க. அழுத்தாதீங்க. ஒரு நிமிஷம், உள்ள போயிட்டு வந்துடறேன்.

இந்தாங்க, குட்டி ஸ்பீக்கர். அவன் சட்டைங்களுக்கு அடியில வச்சிருந்தேன், அதான் நூலெல்லாம் ஒட்டியிருக்கு. இதை மாட்டினாலும் எல்லாரும் வந்துட்டாங்கன்னுதானே அது நெனச்சுக்கும்? அப்ப மாட்டிடுங்கண்ணே. பேரு இருந்துட்டுப் போகட்டும். இல்ல இல்ல, ஹால்ல வேணாம், அந்த ரூம்லயே, அதே இடத்துல. கேக்க ஆள் இல்லன்னா என்ன, அது பாட்டுக்குப் பாடட்டும். அவரு வந்து பாத்துட்டு அழுதா அழட்டும், எத்தனை நாளைக்கு முகத்தையே கழுவிக்கிட்டு இருக்குறது.

வெளக்கு வந்துடுச்சா? நாலுமே பச்சையா? நீங்க தொடாதீங்க, அவ வந்து அழுத்தட்டும். வாசல் கேட்டு சத்தம் கேக்குதுல்ல, அவதான். பாருங்க, இன்னிக்கும் ஷூவைக் கழட்டாம வருவா.

அண்ணே, குட்டி சத்தத்தை மட்டும் கூட்டிடாதீங்க. அந்த ரூம்ல எப்பவும் கம்மியாத்தான் வைப்போம்.