அரை அங்குலத் திருகாணி

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி ஆடுகிறது, ஐயா. பின்னங்கால் ஒன்றில் பொருத்து தளர்ந்திருக்கிறது. அதைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டிவிட்டு, புதுப் பசை தடவி ஒருநாள் இறுக்கிக் கட்டிவைத்தால் சரியாகிவிடும் என்று என் தங்கையின் கணவர் சொல்வார். நான் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள் என்பேன். எங்களுக்குள் இருந்த பேச்சுவார்த்தை முழுவதும் ஏறக்குறைய இதைப் பற்றித்தான்.

முப்பத்தொரு வருடமாக நான் தச்சன். பலகை வாங்கி, அது காயும்வரை காத்திருந்து, அளந்து, அறுத்து, இழைத்து, ஓர் ஆணிகூட இல்லாமல் பொருத்துவேன். மாப்பிள்ளை தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அதை விட்டுவிட்டு, ஊரார் வேண்டாமென்று வாசலில் போட்ட மேஜை நாற்காலிகளைப் பொறுக்கிவந்து, சாயம் அடித்து, கைப்பிடி மாற்றி விற்க ஆரம்பித்தார். உளியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. உப்புத்தாள் வைத்துத் தேய்க்கத் தெரியும். அவர் கடை வாசலில் ஆட்கள் நின்றார்கள். என் பட்டறை வாசலில், அவர் கடைக்கு வழி கேட்பவர்கள் நின்றார்கள்.

அதற்காக நான் கோபப்படவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கையின் கல்யாணத்துக்கு ஒரு மர பீரோ செய்துகொடுத்தேன். ஒன்பது மாத வேலை. கதவை விரலால் தொட்டால் போதும், சத்தமில்லாமல் தானே மூடிக்கொள்ளும். பன்னிரண்டு வருடம் அவள் படுக்கையறையில் நின்றது. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். போனேன். கூடத்தில், ஜன்னலுக்குக் கீழே, மஞ்சள் நிறத்தில் நீளமாக ஒரு பெஞ்சு இருந்தது. மேலே மெத்தை. அதில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது என் கை தன்பாட்டுக்கு அதன் ஓரத்தைத் தடவியது. அந்த ஓரத்தை இழைத்தவன் நான்.

பீரோவைப் படுக்கப்போட்டு, கதவுகளைக் கழற்றி, கால்களை அறுத்திருந்தார்கள்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா மச்சான்? உங்க மரத்தை அறுக்கவே முடியல. ரெண்டு பிளேடு போச்சு," என்றார் மாப்பிள்ளை. பாராட்டாகத்தான் சொன்னார்.

"அது பீரோ," என்றேன்.

"ரூமுக்குள்ள இருட்டுல சும்மா நின்னுட்டிருந்துச்சுண்ணா," என்றாள் தங்கை. "இப்ப பாரு, வர்றவங்க எல்லாம் இதுலதான் உக்கார்றாங்க. நல்லா இருக்குல்ல?"

நல்லா இருக்கு என்றேன். இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். கதவுகள் எங்கே என்று கேட்டேன். யாருக்கோ மேஜைப் பலகையாகப் போய்விட்டனவாம்.

மூன்று மாதம் கழித்து மாப்பிள்ளை பட்டறைக்கு வந்தார். மூடிப்போன மருந்துக் கடை ஒன்றிலிருந்து, இருபத்துநான்கு இழுப்பறை உள்ள அலமாரி ஒன்று அவருக்குக் கிடைத்திருந்தது. ஆறரை அடி உயரம், பாறை கனம். விற்க மனசு வராமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். தங்கை தையல் வேலை செய்பவள். நூல், பொத்தான், துணி எல்லாம் அதற்குள் போய்விடும்.

"கனமா இருக்கு மச்சான், லேசா முன்னால சாயுது. சுவத்தோட சேத்துப் பிடிக்கணும். நான் துளை போட்டா சுவரே வந்திடும். நீங்க மாட்டிக் குடுத்தாதான் எனக்கு நிம்மதி."

"பழசுக்குச் சுவரு முட்டுக் குடுக்கணுமா?" என்றேன்.

"உங்க வாய்க்கு ஒரு பூட்டு செய்யணும் மச்சான்," என்று சிரித்தார்.

அன்றைக்கே போனேன். அலமாரியின் தலையில் இரண்டு இரும்புப் பட்டைகள், ஒவ்வொன்றையும் சுவரோடு பிடிக்க மூன்று திருகாணிகள். அந்தச் சுவருக்கு இரண்டரை அங்குலத் திருகாணி வேண்டும். பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இறங்கினால்தான் பிடிக்கும். நான் அரை அங்குலம் போட்டேன். தலை ஒரே அளவு, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தங்கை டீ கொடுத்தாள். மாப்பிள்ளை அலமாரியை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, "மலை மாதிரி நிக்குது," என்றார்.

பதினோராம் நாள் காலை பத்தரை மணிக்கு அது விழுந்தது. மாப்பிள்ளை கடையில் இருந்தார். தங்கை வீட்டில் இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்துதான் தூக்க முடிந்ததாம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே அவள் போய்விட்டாள்.

உங்கள் ஆட்கள் முதலில் விசாரித்தபோது, பழைய மரம், உள்ளே உளுத்திருக்கும், பட்டையைப் பிடித்திருக்காது என்றேன். நம்பினார்கள். மாப்பிள்ளையும் நம்பினார். கடையில் இருந்த அத்தனையையும் தெருவோரம் குவித்துக் கொளுத்தினார். வீட்டிலிருந்த மஞ்சள் பெஞ்சையும்தான். அது நன்றாக எரிந்தது. பிறகு என் பட்டறைக்கு வந்து மரத்தூளின் மேல் உட்கார்ந்தார்.

"நீங்க அன்னைக்கே சொன்னீங்க, நான்தான் கேக்கல. நானே அவளைக் கொன்னுட்டேன் மச்சான்."

தோளைத் தட்டிக்கொடுத்தேன். இனிமேலாவது புதுசு வாங்குங்கள் என்றேன்.

மாப்பிள்ளையின் மேல் இருந்த வெறுப்பில் செய்தது, தங்கை தவறிச் சிக்கிவிட்டாள் என்று நீங்கள் நினைக்கலாம். நான் எதையும் அளக்காமல் செய்வதில்லை, ஐயா. ஓர் இழுப்பறையைத் திறந்தால் அந்த அலமாரி விழாது. மூன்றைத் திறந்தாலும் விழாது. ஏழெட்டு ஒரே நேரத்தில் வெளியே இழுத்துக் கிடந்தால்தான் எடை முன்னால் வரும். மாப்பிள்ளை ஒன்றை மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் திறப்பார். திறந்ததை மூடாத பழக்கம் அந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் இருந்தது. சின்ன வயதில் அவள் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக மூடியவன் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கை கழுவும்போது துண்டை நீட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "அவரு வேணாம்னுதான் சொன்னாருண்ணா. நான்தான் அறுக்கச் சொன்னேன்."

நேற்று உங்கள் அறிக்கையைப் படித்துக் காட்டினீர்கள். தரையில் கிடைத்த ஆறு திருகாணிகளையும் இந்த மேஜைமேல் பரப்பினீர்கள். 'தச்சரின் கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியே விட்டுவிட்டால் சில மாதங்களில் வீட்டுக்குப் போய்விடலாம் என்கிறார் வக்கீல். நல்ல மனிதர். ஆனால் ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. முப்பத்தொரு வருடத்தில் என் கையில் ஒரு திருகாணி தவறியதில்லை. அந்த ஆறையும் டப்பாவைக் கொட்டித் தேடி எடுத்து, நீளம் ஒன்றுபோல் இருக்கிறதா என்று வரிசையாக வைத்துப் பார்த்துத்தான் மாட்டினேன். கவனக்குறைவு என்பதை அடித்துவிட்டு, வேண்டுமென்றே என்று எழுதுங்கள். கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

நாளைக்கு யாரும் என் வேலையைக் குறை சொல்லிவிடக் கூடாது.