கம்பத்தோடு கட்டிய கொடி

பிரிஞ்சாங் கடைகளில் நல்ல கொடித்துணி கிடைப்பதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. மலைக்காற்றில் சீக்கிரம் கிழிந்துவிடும். கிழியாமல் இருக்கத்தான் கோயில் கொடியைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டினேன் என்று நேற்று சொன்னேன். நீங்கள் நம்பவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

நான் எஸ்டேட் மாரியம்மன் கோயில் தலைவர். கோயிலை ஒட்டித்தான் எஸ்டேட் கம்பெனி ஓடுபாதை போட்டது. சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஒரு சின்ன விமானம் தலைக்கு மேலேயே வந்து இறங்கும். வெள்ளிக்கிழமை தீபாராதனை நேரத்துக்குச் சரியாக வந்துவிடும். மணியோசை ஆத்தாளுக்கே கேட்காது. எஸ்டேட் மேனேஜர் துரையிடம் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். "பாக்கலாம் தலைவரே" என்பார். பார்க்கவே மாட்டார்.

துரையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் லயத்து வீடுகளில் இருக்கும் ஜனங்களைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒருவர்கூட என்னோடு வரவில்லை. அவசரமென்றால் அந்த விமானம் நோயாளிகளைக் காசு வாங்காமலே ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறதாம். கோயில் கூட்டத்தில் இராசம்மா முகத்துக்கு நேரே கேட்டாள்: "பிளேன நிப்பாட்டிட்டா புள்ளத்தாச்சிய நீங்களா தூக்கிட்டுப் போவீங்க, தலைவரே?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

விமானி ஷாமல் மரியாதை தெரிந்த பையன். என்னைச் சமாதானப்படுத்த ஒருநாள் கோயிலுக்கே வந்தான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டும் துணிப்பை கிழிந்து கிடப்பதாகச் சொன்னான். "கம்பெனி மாத்தித் தர மாட்டேங்குது, அங்கிள். உங்க கோயில் கொடியப் பாத்துத்தான் இறங்குறேன் லா. அது பக்கவாட்டுல படபடன்னு அடிச்சா ஈப்போவுக்கே திரும்பிடுவேன்." அவனுக்குப் பிரசாதம் கொடுத்து அனுப்பினேன்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்தே காற்று ஓடுபாதைக்குக் குறுக்கே விட்டுவிட்டு வீசியது. திரிங்காப் தோட்டங்களில் தக்காளிச் செடி கட்டும் மெல்லிய நைலான் கயிறு என்னிடம் இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. அதால் கம்பத்தோடு கட்டியதும் காற்றே இல்லாததுபோல் கொடி தொங்கியது. ஷாமல் அதை நம்பி இறங்கினான். சக்கரம் தரையைத் தொடும் நேரத்தில் காற்று பக்கத்திலிருந்து அடித்தது. ஒரு இறக்கை தரையில் உரசியது. விமானம் புரண்டு தேயிலைச் சரிவில் விழுந்தது.

பயமுறுத்த மட்டும்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். விமானியும் இரண்டு வெள்ளைக்காரர்களும் மட்டும் செத்திருந்தால் கம்பெனி வேறு விமானம் வாங்கியிருக்கும். நம் ஜனங்கள் அதிலும் ஏறியிருப்பார்கள். அதனால் நம் ஆள் ஒருவர் உள்ளே இருக்க வேண்டும். கொழுந்து கிள்ளும் திலகா ஈப்போவில் பிரசவம் முடிந்து அன்று அதில் வருகிறாள் என்று அவள் புருஷன் மகேஸ்வரன் வந்து சொன்னான். பிள்ளைக்குப் பேர் வைக்க நல்ல நாள் பார்த்துத் தரச் சொன்னான். பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் கயிறு எடுக்கப் போனேன்.

திலகாவின் அடக்கம் முடிந்த மறுநாள் லயமே என் பின்னால் துரை பங்களாவுக்கு நடந்தது. இராசம்மாவும் வந்தாள். விமானம் நின்றுவிட்டது. எல்லாம் ஆத்தாளுடைய பூஜைக்காகத்தான் செய்தேன்.

அன்று தீபாராதனை எத்தனை மணிக்கு நடந்தது என்று கேட்கிறீர்கள். அன்று நடத்தவில்லை. கோயிலைப் பூட்டிவிட்டு, ஓடுபாதை நன்றாகத் தெரியும் மேட்டில் போய் நின்றுகொண்டேன்.