பதினொன்றாம் பத்தி

விசாரணை என்றைக்கு முடியும் என்று ஒரு தேதி சொல்லுங்கள், சார். பெரியவர்களிடம் தேதி கேட்கக் கூடாது என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். இருந்தாலும் கேட்கிறேன். நேற்றுக் கேட்டதற்கு, "முடியறப்போ முடியும்மா, நீ மொதல்ல நடந்ததை எழுது" என்றீர்கள். எழுதுகிறேன். நீங்கள் கொடுத்த தாளின் தலைப்பில் நம் பிரார்த்தனை நிலையத்துப் பெரியவர் சிரித்துக்கொண்டிருக்கிறார், அவர் தலைக்குப் பின்னால் வெளிச்சம் அடிக்கிறது. நான் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அங்கே பேனா நன்றாக ஓடுகிறது.

தேதி கேட்காதே என்று சொன்னது அம்மா. அப்பா கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பு உடைந்து, ஆஸ்பத்திரி நடைபாதையில் பத்தொன்பது நாள் கிடந்தார். எனக்கு அப்போது பதிமூன்று வயது. ஆபரேஷன் என்றைக்கு என்று வெள்ளைக்கோட்டு ஒருவரைக் கேட்டுவிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். "தேதியெல்லாம் கேக்காதடி. கோவிச்சுக்கிட்டாங்கன்னா?" அவள் கடவுளிடமும் தேதி கேட்கவில்லை. "உனக்குத் தெரியாததா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் புதைத்த மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. வியாழக்கிழமை ஆபரேஷன், வெறும் வயிற்றோடு வரவும் என்று. அம்மா அதற்கும் கடவுளுக்கு நன்றி சொன்னாள். எதற்கு என்று கேட்டேன். "மறந்துடலையே, அதுக்குத்தான்" என்றாள்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். புள்ளியியல் படித்தேன். ஒரு விஷயம் உண்மையா, தற்செயலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் அந்தப் படிப்பு. இரண்டு வருடம் அலைந்த பிறகு அதற்குக் கிடைத்த வேலை உங்கள் பிரார்த்தனை நிலையத்தின் பதில் பிரிவு.

நீங்கள் தலைமையிடத்துக்காரர், எங்கள் பிரிவு இருக்கும் மாடிக்கு வந்திருக்க மாட்டீர்கள். அதனால் சொல்கிறேன். தினமும் காலையில் மூட்டையாகக் கடிதங்கள் வரும். உறையைக் கிழித்து, என்ன கஷ்டம் என்று பார்த்து, மூலையில் சிவப்புப் பென்சிலால் எண் போடுவோம். பதில்கள் தனித்தனிப் பத்திகளாகத் தயாராக இருக்கும். முப்பத்திரண்டு பத்திகள். நோய்க்கு மூன்று, சாவுக்கு நான்கு, குழந்தை இல்லாதவர்களுக்கு இரண்டு. பொருத்தமானதை எடுத்துக் கணினியில் கோத்தால் கீழே பெரியவர் கையெழுத்து தானாக விழும். எங்கள் பிரிவுத் தலைவிக்கு எல்லாப் பத்தியும் மனப்பாடம். அதனால் அவருக்குப் பத்தியக்கா என்று பெயர்.

ஆறாம் பத்தி பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு. 'தோட்டக்காரன் அழகான பூவைத்தான் முதலில் பறிக்கிறான்.' சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டேன்.

"அப்போ சுமாரான பிள்ளையைப் பெத்தவங்கதான் கொடுத்துவச்சவங்களா அக்கா?"

"வாயை மூடிக்கிட்டு உறையை ஒட்டுடி" என்றார் பத்தியக்கா. ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

பதினொன்றாம் பத்தி, ஏன் எனக்கு இப்படி என்று கேட்பவர்களுக்கு. 'அன்புள்ள தகப்பன் பிள்ளையிடம் எல்லாக் காரணத்தையும் சொல்வதில்லை. தெரிந்தால் நீ தாங்கமாட்டாய் என்பதாலேயே மறைக்கிறான்.' இதைத்தான் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அனுப்புவோம். அச்சடித்த கையோடு அக்காவிடம் சொன்னேன், "சொல்றதுக்குக் காரணம் இல்லாதவன்தான் இப்படிப் பேசுவான். எங்க பழைய வீட்டுக்காரர் குழாயைச் சரிபண்ணாததுக்கு இதையேதான் சொல்லுவார்." அக்கா அன்றைக்குச் சிரிக்கவில்லை. அவருக்கும் வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சுவரில் ஒரே ஒரு விதி ஒட்டியிருக்கும். 'பதிலில் தேதி குறிப்பிடக் கூடாது.' விரைவில், ஏற்ற காலத்தில், அவர் சித்தப்படி என்று எழுதலாம். செவ்வாய்க்கிழமை என்று எழுதக் கூடாது.

யோசனை வந்தது ஒரு தவறிலிருந்து. மூலத்தால் அவதிப்பட்ட ஒருவருக்கு எண் மாறி, குழந்தை வரத்துக்கான பத்தி போய்விட்டது. 'உன் மடி நிறையும், உன் வீட்டில் மழலை கேட்கும்.' அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு வாரத்தில் அந்த மனிதரிடமிருந்து பதில் வந்தது. பெரியவர் வாக்கு பலித்தது, இப்போது வலியே இல்லை, கோடி நன்றி என்று. பிரிவே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான். பிறகு சாப்பிட உட்கார்ந்தபோது எனக்கு எரிந்தது. எதை எழுதினாலும் ஜெயிக்கிற கடவுளை எப்படிச் சார் சோதிப்பது? வலி போனால் அவர் அன்பு, போகாவிட்டால் அவர் ஆழ்ந்த அன்பு. என் வாத்தியார் இருந்திருந்தால் இந்தக் கருதுகோளைத் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பார். தோற்பதற்கு ஒரு வழியாவது வேண்டும். ஒரு தேதி வேண்டும்.

அச்சடித்த கடிதத்தில், பெரியவர் கையெழுத்துக்குக் கீழே, நீல மையில் ஒரு வரி சேர்த்தேன். 'இந்த மாதம் ஒன்பதாம் தேதி குணமாகும்.' ஆளுக்கொரு தேதி. மொத்தம் நாற்பது கடிதம். ஒருத்தராவது தேதி தாண்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்து, 'சொன்னியே, செய்யலையே, ஏன்?' என்று மேலே பார்த்துக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். என் அம்மா கேட்காததை ஒரே ஒருவர் கேட்டால் போதும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முப்பத்தொன்பது தேதிகள் தாண்டின. பதினொரு பேர் எழுதினார்கள். இரண்டு பேர் குணமாகிவிட்டதாகச் சொன்னார்கள். மிச்சம் ஒன்பது பேரும் மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். என் நம்பிக்கை போதவில்லை, அன்றைக்குக் காலையில் மருமகளைத் திட்டிவிட்டேன், அதனால்தான் குணமாகவில்லை என்று. ஒருவர்கூடக் கடவுளைத் திட்டவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது, அவர்மேல் இல்லை, இவர்கள்மேல்.

நாற்பதாவது ஒரு அம்மாளுடையது. விடுதி ஒன்றில் துணி துவைக்கிறவர். பத்தொன்பது வயது மகளுக்கு வலிப்பு. காலையும் மாலையும் மாத்திரை. 'எங்க வீட்ல மொத மொத காலேஜ் போறவ இவதாங்க' என்று எழுதியிருந்தார். அந்த வரியில் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பிறகு எடுத்தேன். படித்த பெண் இருக்கும் வீடு, இங்கேயாவது கேள்வி கேட்பார்கள் என்று தோன்றியது. 'வருகிற பதினான்காம் தேதி உங்கள் மகள் முழுமையாகக் குணமடைவாள்' என்று எழுதினேன். அதை மற்றவற்றைவிட அழகாக எழுதினேன்.

ஒன்பதாம் தேதி அவரிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. இதைப் பற்றி நீங்கள் என்னைக் கேட்கவில்லை, ஏனென்றால் இது உங்களுக்குத் தெரியாது. நானே சொல்கிறேன்.

'பெரியவர் கைப்பட எழுதினதைப் பாத்து அழுதுட்டேன். கையெழுத்து மணி மணியா இருக்குன்னு பொண்ணு சொல்றா. ஒரு சந்தேகம். பதினாலாம் தேதிக்கு அப்புறமும் மாத்திரை குடுத்தா அது ஆண்டவனைச் சந்தேகப்படற மாதிரி ஆயிடுமா? நிறுத்திடட்டுமா? ஒரு வரி எழுதுங்க. பதில் வரலைன்னா நிறுத்தச் சொல்றீங்கன்னு எடுத்துக்கறேன்.'

அன்று சாயங்காலம் மருந்துக்கடையில் கேட்டேன்.

"வலிப்பு மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா என்ன ஆகும்ணே?"

"நிறுத்தவே கூடாதும்மா. விடாம வந்து உயிரே போயிடும். யாருக்கு?"

"தெரிஞ்சவங்களுக்கு."

"டாக்டரைக் கேக்காம எதையும் செய்ய வேணாம்னு உடனே சொல்லிடு."

சொல்லவில்லை. கடிதத்தை என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் வைத்தேன். இதையும் கவனக்குறைவு என்று எழுதச் சொல்வீர்கள், அது பொய். நான் தினமும் இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். கடவுளுக்கு ஐந்து நாள் அவகாசம் கொடுத்தேன், அவ்வளவுதான். அவர் அன்பானவர் என்றால் அந்த மாத்திரை அட்டையை அவளிடம் திரும்பக் கொடுக்க எத்தனை வழி இருந்தது. ஒரு பக்கத்து வீட்டுக்காரி போதும். அந்தப் பெண்ணுக்கே ஒரு முரட்டுத்தனம் வந்திருந்தால் போதும். என்னிடம் இருந்தது ஒரு தபால் அட்டை. அவரிடம் எல்லாமே இருந்தது. பொறுப்பில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று நீங்களே விகிதம் போட்டுப் பாருங்கள்.

பதினேழாம் தேதி மதியம், கல்லூரிக்குக் கிளம்பாமல் படுத்திருந்தவளுக்கு வலிப்பு வந்திருக்கிறது. நிற்கவில்லை.

மூன்றாவது கடிதம் இருபத்தைந்தாம் தேதி வந்தது. அன்றைக்கு உறை கிழித்தது பத்தியக்கா. நான் நீல மையில் வரி சேர்த்த பதிலையும் அந்த அம்மாள் உள்ளே வைத்திருந்தார். அக்கா கையெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

'பதினாலாம் தேதி எல்லா மாத்திரையையும் தூக்கிப் போட்டுட்டேன். ஒரே ஒரு அட்டையை மட்டும் சர்க்கரை டப்பாக்குள்ள ஒளிச்சு வச்சேன். பெத்த மனசு. அதை அவர் பாத்துட்டார்னு நெனைக்கிறேன். அதனாலதான் எம்பொண்ணை எடுத்துக்கிட்டாரா? ஆமாவா இல்லையான்னு ஒரு வரி போதும். கோபமில்லை. காரணம் மட்டும் தெரியணும்.'

நாற்பது பேரில் ஒருத்தி கேட்டுவிட்டாள், சார். காரணம் கேட்டுவிட்டாள். ஆனால் கேட்டது என்னை.

"அடிப்பாவி, நீயே போய் அந்தம்மா கால்ல விழு" என்றார் அக்கா. நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. 'அச்சுப்பிழை' என்று எழுதிய தாளை நீட்டி, "இதுல கையெழுத்துப் போடு, அந்தம்மாவுக்கு எதுவும் தெரிய வேணாம்" என்றீர்கள். உங்கள் தாளில் கையெழுத்துப் போடமாட்டேன். இரண்டாவது இழுப்பறையின் சாவியை இந்தத் தாளின் மேலேயே வைத்திருக்கிறேன். செய்தது நான்தான். நிறுத்தினால் செத்துப்போவாள் என்று தெரிந்தே செய்தேன். போலீஸைக் கூப்பிட வேண்டுமானால் கூப்பிடுங்கள். உங்களுக்கு மனம் வராது என்று நினைக்கிறேன், பெரியவர் பெயர் கெட்டுவிடும்.

அக்கா சொன்னதை மட்டும் இரண்டு நாள் நன்றாக யோசித்தேன். போய் என்ன சொல்வது? சர்க்கரை டப்பா காரணமில்லை, அந்த அட்டையில் ஒன்றை எடுத்துக் கொடுத்திருந்தாலே உன் மகள் பிழைத்திருப்பாள் என்றா? மேலே யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, மாடியில் ஒருத்திதான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றா? மகளும் போய், கடவுளும் போனால் அவளுக்கு என்ன மிஞ்சும்? அவளுக்கு இப்போது இருப்பது அந்தக் குற்ற உணர்ச்சி ஒன்றுதான். அதையும் நான் பிடுங்கக் கூடாது. நான் அவளை வெறுக்கவில்லை, சார். உண்மையில் இந்த வேலையில் நான் பாசம் வைத்தது அவள் ஒருத்திமேல்தான்.

அதனால் இன்று காலை எல்லாரும் வருவதற்கு முன்பே வந்து அவளுக்குப் பதில் அடித்துவிட்டேன். பதினொன்றாம் பத்தி. முழுதாக, ஒரு சொல் மாற்றாமல். கையால் எதுவும் எழுதவில்லை. உறை ஒட்டி, தபால்தலை ஒட்டி, என் பையில் இருக்கிறது.

இந்தத் தாளை உங்கள் மேசையில் வைத்துவிட்டுக் கிளம்புகிறேன். அக்கா படியில் நின்று எங்கே போகிறாய் என்று கேட்பார், தபால் பெட்டிக்கு என்று சொல்வேன். மறிக்க மாட்டார். நான் கேட்ட தேதியை நீங்கள் இனிமேல் சொல்ல வேண்டாம். அந்த அம்மாளிடமும் யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள்.