அண்ணன் பேரில் ஓடும் மோட்டார்

மாசாய் தபால் நிலையத்தில் சாலை வரி கட்டும் வரிசை. எனக்கு முன்னால் தொழிற்சாலைச் சட்டையோடு இரண்டு இளைஞர்கள்.

“அண்ணனுக்குப் போன மாசம் சம்மன் வந்துச்சுடா. ரொம்ப வேகமாப் போனாராம்.”

“அண்ணன் இறந்து ரெண்டு வருஷமாச்சே?”

“மோட்டார் சைக்கிள் இன்னும் அவரு பேர்லதான் இருக்கு. ஓட்டுறது நான்.”

“பேரை மாத்த வேண்டியதுதானே?”

“அதுக்கு அண்ணியும் கையெழுத்துப் போடணும். அவங்க மறுகல்யாணம் பண்ணி பத்து பகாட் ஊர்ல இருக்காங்க. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போய்க் கேக்குறது?”

“அண்ணன் உயில் எதுவும் எழுதலையா?”

“இருபத்தெட்டு வயசுல எவன்லா உயில் எழுதுவான்?”

“நீயாச்சும் எழுதி வை.”

“என்கிட்ட என்ன இருக்கு? இந்த மோட்டார் ஒண்ணுதான்.”

முகப்பில் இருந்த பெண், வண்டி யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டாள். அவன் அண்ணன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னான்.